கோணேசர் கல்வெட்டு முதல் எண்ணிம நூலகம் வரை

ஈழத்தின் கீழ்க்கரையிலே, திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே, கந்தளாய்க் குளத்து நீர் பாய்ந்து விளையும் வயல்களின் நடுவே அமைந்த பழம்பதி தம்பலகாமம். இங்கே எழுந்தருளியிருக்கும் ஆதிகோணநாயகர் கோயிலின் வரலாறு ஓர் அழிவோடு தொடங்குகின்றது. கொன்ஸ்தந்தீனு த சா என்னும் போர்த்துக்கேயத் தலைவன் 1624ஆம் ஆண்டளவில் கோணமலையிலே கோட்டை கட்டுவித்தபோது, கடலை நோக்கி உயர்ந்து நின்ற கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டன. அடியார் சிலர் திருவுருவங்களை மறைத்துக் காத்தனரென்றும், அவை பின்னர்த் தம்பலகாமத்திலே கோயில் கொண்டனவென்றும் மரபு கூறும்.

கோயில் போயிற்று, ஆயின் கோயிலைப் பற்றிய எழுத்துப் போகவில்லை. அவ்வெழுத்து எவ்வாறு எஞ்சிற்று என்பதே இங்கு ஆராயத்தக்கது.

கோட்டை வாயிலிலே இரட்டைக் கயல் இலச்சினையோடு கூடிய தமிழ்ச் சாசனம் ஒன்று இன்றும் உண்டு. குளக்கோட்டன் செய்த திருப்பணியையும் பறங்கியர் அதனை அழிக்கப்போவதையும் கூறும் பாடலின் பகுதி அதிலுள்ளது என்பர். ஆயின் கல் சிதைந்துவிட்டது, வரிகள் முற்றுப்பெறவில்லை. அவ்விடைவெளிகளை அறிஞர் நிரப்பியது கல்லைக் கொண்டன்று, மக்கள் வாயிலும் ஏட்டிலும் வழங்கிவந்த செய்யுளைக் கொண்டேயாம். கல்லிலே பொறித்தது குறைந்துபோக, பனையோலையிலே கீறியது நிறைவாக நின்றது விந்தையே.

இவ்விந்தைக்குப் பெயரளவிலேயே சான்றாக நிற்பது 'கோணேசர் கல்வெட்டு'. பெயரைக் கேட்போர் அதனைக் கற்சாசனமென்றே எண்ணுவர். உண்மையில் அது கவிராசவரோதயர் இயற்றியதாகக் கொள்ளப்படும், செய்யுளும் உரைநடையும் விரவிய ஓர் ஏட்டு நூல். குளக்கோட்டு மன்னன் வகுத்த திருப்பணிகள், தானத்தாரும் வரிப்பற்றாரும் ஆற்றவேண்டிய தொழும்புகள், தனியுண்ணாப் பூபால வன்னிபத்தின் அதிகாரம், கோயிலுக்குரிய வருவாய் ஆகியவற்றை அது விரித்துரைக்கின்றது. எவர் எதனைச் செய்தல் வேண்டும், எவருக்கு என்ன உரிமை என்பன யாவும் அதிலே அடங்கியமையால், தம்பலகாமத்தாருக்கு அது வெறும் இலக்கியமன்று. வழக்குத் தீர்க்கும் ஆவணமுமாம். தேவைப்பட்டதனாலேயே படி எடுக்கப்பட்டது. படி எடுக்கப்பட்டதனாலேயே பிழைத்தது. பிற்காலத்தில் அச்சேறிய இந்நூலைப் பண்டிதர் இ. வடிவேல் பதிப்பிக்க, இந்துசமய கலாசார அலுவல்கள் திணைக்களம் 1993ஆம் ஆண்டில் வெளியிட்டது.

படியெடுத்தல் என்பது எளிய வேலையன்று. ஓலையை வேகவைத்து, உலர்த்திப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, கரியும் எண்ணெயும் தடவி எழுத்தைத் துலக்கல் வேண்டும். ஈரக்காற்றும் செல்லும் இராமபாணப் பூச்சியும் மிக்க நம் நாட்டிலே ஓர் ஏடு சில நூற்றாண்டு நிலைப்பதே அரிது. ஆகவே ஒவ்வொரு தலைமுறையும், அன்றி ஒன்று விட்டொரு தலைமுறையேனும், பழையதைப் பார்த்துப் புதியதொன்று எழுதியாக வேண்டும். எழுதுவோர் சில வேளைகளிற் பிழை செய்தனர். சில வேளைகளில் தம் காலத்துச் செய்தியையும் உடன் சேர்த்தனர். கோணேசர் கல்வெட்டிலே பின்னோர் சேர்த்தன எனக் கருதத்தக்க பகுதிகள் உளவாதல் இதனாலேயாம். படி எடுத்தவனைக் குறைகூறுதல் தகாது. அவன் கை ஓய்ந்திருந்தால் குறைகூறுவதற்கும் நூல் இருந்திராது.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை பழைய ஏடுகளைத் தேடித் தமிழகத்திலே பதிப்பித்தபோது, கை பட்டவுடன் ஒடிந்து விழும் ஓலைகளின் நிலையைத் தம் பதிப்புரைகளிலே துயரத்தோடு எழுதினார். அவர் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சிட்டார். அச்சு, படியெடுப்பவனின் கையை நூறாயிரம் ஆக்கிற்று. இலங்கையில் 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச்சட்டம், அச்சாகும் நூல்களின் படிகளை அரசுக்கு ஒப்படைக்குமாறு பணித்தது. 1877ஆம் ஆண்டிலே தொடங்கிய கொழும்பு நூதனசாலையின் நூலகத்தில் அவை சேர்ந்தன. அச்சாளர் பலருக்கு இச்சட்டம் தொல்லையாகவே தோன்றியிருக்கும். இன்று ஆராய்வோருக்கோ அத்தொல்லையே செல்வம்.

படிகள் வெவ்வேறு இடங்களில் இருப்பதன் பயன் யாதென்பதற்குத் திருகோணமலையோடு தொடர்புடைய மற்றுமோர் எடுத்துக்காட்டுண்டு. பெர்னாவோ த குவேரோஸ் என்னும் யேசுசபைக் குரவர் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கோவாவிலிருந்து இலங்கை வரலாறொன்றை எழுதினார். கோணேசர் கோயிலைப் பற்றியும் அதில் உண்டு. அந்நூல் அவர் வாழ்நாளில் அச்சாகவில்லை. அதன் கையெழுத்துப் படி பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனிரோ நகரிலே கிடக்க, அதனைப் பார்த்தெழுதிய படியைக்கொண்டு 1916ஆம் ஆண்டு கொழும்பில் அச்சிட்டனர். 1930இல் எஸ். ஜி. பெரேரா குரவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இந்தியக் கரையிலே எழுதிய ஈழ வரலாறு அத்திலாந்திக்கு மறுகரையிற் காத்திருந்து மீண்டது.

ஒரே இடத்திற் குவித்தவை ஒரே இரவிற் போகும் என்பதை ஈழத்தமிழர் 1981ஆம் ஆண்டிலே கண்டனர். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1930களிலே க. மு. செல்லப்பா என்பவரின் முயற்சியாற் சிறிய அளவில் தொடங்கியது. 1959இல் அதற்கு அழகிய புதுக்கட்டடம் திறக்கப்பட்டது. இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அதன் அமைப்புக்கு ஆலோசனை வழங்கியவர். மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யூன் 1ஆம் நாளுக்குள் அந்நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றோடு ஓலைச்சுவடிகளும் பழைய செய்தித்தாள்களும் அழிந்தன. யாழ்ப்பாண வைபவமாலையின் சுவடியும் அங்கே எரிந்தது என்பர். ஆயினும் இன்றும் அந்நூலைப் படிக்க முடிகின்றது. கிறிஸ்தோபர் பிரிட்டோ 1879ஆம் ஆண்டிலேயே அதனை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டிருந்தார். தமிழ்ப் பதிப்புகளும் முன்னரே வந்திருந்தன. அச்சேறாதவையும் வேறெங்கும் படி இல்லாதவையும் எவை எவை என்பதற்கு முழுப் பட்டியல்கூட எஞ்சவில்லை. ஒரு நூல் அழிவது ஓரிழப்பு. அது இருந்ததென்ற செய்தியும் அழிவது அதனினும் பெரிய இழப்பு.

இதே காலப்பகுதியிலே மேலைநாடுகளில் நூலகங்கள் வேறொரு வழியை நாடின. முதலில் நுண்படச் சுருள். 1992இல் மறைந்த கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாள் முழுவதும் திரட்டிய தமிழ் நூல்களையும் இதழ்களையும் சிக்காகோப் பல்கலைக்கழகம் 1994ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. அச்சேகரத்தைக் கடல் கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக்கி, நுண்படம் எடுப்பித்தமை பாராட்டத்தக்கது. பின்னர் நூலின் ஒவ்வொரு பக்கத்தையும் படமாக்கிக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் முறை வந்தது. இதனையே எண்ணிமப்படுத்தல் என்பர். கூகுள் நிறுவனம் 2004ஆம் ஆண்டின் இறுதியில் மிச்சிகன், ஹார்வர்ட், ஸ்ரான்போர்ட், ஒக்ஸ்போர்ட் ஆகிய பல்கலைக்கழகங்களோடும் நியூயோர்க் பொது நூலகத்தோடும் இணைந்து இதனைப் பெருமளவில் தொடங்கிற்று. சில ஆண்டுகளில் கோடிக்கணக்கான நூல்கள் படமாயின. 2005இல் எழுத்தாளர் சங்கம் தொடுத்த வழக்கு 2016ஆம் ஆண்டுவரை நீடித்து, கூகுளுக்குச் சார்பாகவே முடிந்தது. 2008இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஹாதிட்ரஸ்ட் என்னும் பொதுக் களஞ்சியத்தை நிறுவித் தம் படிகளை ஒருங்கே வைத்தன.

அக்களஞ்சியங்களிலே தமிழ் நூல்களும் உள. அவை அமெரிக்கா சேர்ந்த கதை சுவையானது. 1954ஆம் ஆண்டின் 480ஆம் பொதுச்சட்டப்படி இந்தியாவுக்குக் கோதுமை வழங்கிய அமெரிக்கா, அதன் விலையை உரூபாவாகவே பெற்றது. அந்தப் பணத்தின் ஒரு பகுதியால் 1962 முதல் இந்திய மொழி நூல்கள் வாங்கப்பட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பப்பட்டன. எனினும் பதிப்புரிமை முடியாத நூல்களின் படங்களைக் களஞ்சியம் பொதுவில் திறந்து காட்டுவதில்லை. சென்னையில் அச்சாகி மிச்சிகனிற் படமான தமிழ் நூலொன்றை அதன் ஆசிரியரின் சொந்த ஊரார் திறந்து படிக்க முடியாதிருத்தலும் கூடும்.

எண்ணிமம் எனின் அழிவில்லை என்று கருதுவது பேதைமை. இந்தியாவின் எண்ணிம நூலகத் திட்டம் இலட்சக்கணக்கான நூல்களைப் படமாக்கிற்று. அதன் தளம் 2017ஆம் ஆண்டளவில் இயங்காது நின்றபோது, ஆர்வலர் சிலர் முன்னரே வேறிடத்திற் படி எடுத்து வைத்தமையாலேயே அந்நூல்கள் வாசகருக்குத் தப்பின. ஓலைக்கு விதித்த விதியே கணினிக் கோப்புக்கும் விதித்தது. வன்தட்டு பழுதடையும், கோப்பின் வடிவம் வழக்கொழியும், ஆகவே மறுபடியும் மறுபடியும் படியெடுத்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

தமிழில் இப்பணியை அரசோ பல்கலைக்கழகமோ முதலிற் கையேற்கவில்லை. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலாளர் கு. கலியாணசுந்தரத்தின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பல நாடுகளிலுள்ள தமிழர் பழந்தமிழ் நூல்களை ஊதியமின்றித் தட்டெழுதிச் சேர்த்தனர். ஈழத்து நூல்களுக்கென 2005ஆம் ஆண்டிலே 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் தோன்றியது. யாழ்ப்பாண நூலக எரிப்பின் நினைவு அதன் பின்னணியில் உண்டு. போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே சிறு குழுவினராற் தொடங்கப்பெற்ற அம்முயற்சி, இன்று நூல்கள், இதழ்கள், செய்தித்தாள்கள், கல்லூரி ஆண்டுமலர்கள் எனப் பல்லாயிரக்கணக்கான ஆவணங்களைத் திறந்து வைத்திருக்கின்றது. பெரிய நூலகங்கள் பொருட்படுத்தாத கோயிற் கும்பாபிடேக மலரும் சனசமூக நிலைய வெளியீடும் அங்கே இடம்பெறுகின்றன. ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோனுக்கு இவையே முதற்சான்றுகளாதலால், இவ்வொன்றிலேனும் மேலைப் பல்கலைக்கழகங்களினும் நூலகத்தார் நுண்ணிய நோக்குடையர் எனலாம்.

இனித் தம்பலகாமத்துக்கு வருவோம். 1986 ஏப்ரில் மாதத்திலே கந்தளாய்க் குளம் உடைத்துப் பெருவெள்ளம் பாய்ந்தது. 1980களிலும் 1990களிலும் போரினாலே திருகோணமலை மாவட்டத்து மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தனர். ஓடுவோர் குழந்தையையும் அரிசியையும் எடுத்தனர். இறப்பிற் செருகிய ஏட்டுக்கட்டை எடுத்தார் எத்தனை பேர்? எஞ்சிய ஏடுகளோ வைத்திய வாகடமாகவும், மந்திரச் சுவடியாகவும், காணிக் கணக்காகவும், கோயிற் பாடலாகவும் வீடுகளிலே உறங்கும் இயல்புடையன. அவற்றுக்கு நூற்பட்டியல் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தை எண்ணிமப்படுத்துவோன் அடுக்கிலிருந்து எடுத்துப் படமாக்கி மீள வைக்கலாம். ஊரிலுள்ள ஏட்டையோ முதலிற் கண்டுபிடித்தல் வேண்டும். அதனைத் தெய்வமாகப் பூசிக்கும் முதியவரின் மனத்தை இணக்கல் வேண்டும். மென்றூரிகையாற் துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசி, இரு பக்கமும் படமெடுத்து, அன்றே அவர் கையில் திருப்பிக் கொடுத்தலும் வேண்டும். ஏட்டைக் கொண்டுபோய்த் திருப்பாதார் கதை நம் ஊர்களிற் பல உண்டு. அக்கதைகளைக் கேட்ட வீட்டார் கதவு திறக்கத் தயங்குதல் அவர் குற்றமன்று.

படமெடுத்த பின்னும் பணி முடியாது. பழைய ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை; குறில் நெடில் ஒகர எகரங்களுக்கு வேற்றுமை இல்லை; ரகரமும் காலும் ஒன்றே போலும். அச்சு நூலைத் தானே படிக்கும் கணினிப்பொறி இங்கே தடுமாறுகின்றது. பொருளறிந்து படிக்கவல்ல கண் வேண்டும். அத்தகையோர் தொகை ஆண்டுக்காண்டு சுருங்கிவருகின்றது.

பெயரிலும் இடர் உண்டு. புலவர் இவ்வூரைத் தம்பைநகர் என்றனர். ஆங்கிலேயர் பதிவுகளில் இது தம்பிளேகம். அரச ஏடுகளிலே தம்பலகமுவ என்றும் காணப்படும். தம்பலகாமம் எனத் தேடும் மாணவனுக்குக் கணினி ஒருசில நூல்களையே காட்டும். ஏனையவை அதே களஞ்சியத்தில் வேறு பெயரோடு கிடக்கும். நான்கு பெயரும் ஓரூரே என்று பட்டியலில் எழுதிச் சேர்க்கவேண்டியவர் சிக்காகோவிலோ மிச்சிகனிலோ இல்லை. அவர் கந்தளாய் நீர் பாயும் இந்த வயல்வெளியிலேதான் இருக்கின்றார். அவரிடம் இதுவரை எவரும் கேட்டிலர்.