அரவானின் இரு மரணங்கள்



சூப்பர்மேன் போன்ற வீரர்களின் கார்ட்டூன் படங்களும், நடிகர்கள் தோன்றும் திரைப்படங்களும் ஒரே தொடர்கதையாக இணைந்து செல்லவேண்டுமா, தனித்தனி வழியில் செல்லலாமா என்று இளைஞர்கள் வாதிடக் கேட்டிருக்கிறேன். ஒன்றில் மாண்டவன் மற்றொன்றில் உயிரோடு உலவினால் கதையை எங்ஙனம் நம்புவது என்பர் ஒரு சாரார். இவ்வினா புதியதன்று. எங்கள் திமிரிப் பக்கத்தில் இது மிகப் பழையது.

ஆர்க்காட்டை அடுத்த திமிரி வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால், பாரதக் கதை மூன்று வடிவங்களில் நடைபெறும். பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுளைப் பாடிப் பொருள் உரைப்பார். இரவில் கதை தெருக்கூத்தாக ஆடப்படும். இறுதியில் துரியோதனனை நெடிய மண்ணுருவாகக் கிடத்திப் படுகளம் நிகழ்த்துவர். சிறுவனாக இம்மூன்றையும் கண்டு வளர்ந்த நான், பின்னர் வியாசபாரதத்தைக் கற்றபோது திகைத்துப்போனேன். காரணம் அரவான்.

அருச்சுனன் மகனாகிய அரவான், வியாசர் கூற்றுப்படி, போரின் 8ஆம் நாளில் அலம்புசன் என்னும் அரக்கனால் கொல்லப்படுகிறான். தமிழ் மரபிலோ, பாண்டவர் வெற்றிக்காகப் போர் தொடங்குமுன்பே அவன் தன்னைக் களப்பலியாகத் தருகிறான். 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் பாடிய பாரத வெண்பாவிலேயே இச்செய்தி உண்டு. ஒருவனுக்கு இரண்டு மரணங்கள்! நம் முன்னோர் என்ன செய்தனர்? இரண்டில் ஒன்றையும் அவர்கள் அழித்துவிடவில்லை. பலியான பின்னும் சில நாள் போரைக் காணும் வரம் அவன் பெற்றதாக வில்லிபுத்தூரார் பாடினார். நாட்டு மரபு இன்னும் ஒருபடி சென்று, 18 நாள் போரையும் அவன் தலை கண்டதென்றது. பகலில் பிரசங்கம் கேட்டவர்களே இரவில் கூத்துக்கும் வந்து அமர்வர். ஆதலின் இத்தகைய இணைப்பு அவர்களுக்குத் தேவைப்பட்டது என்று எண்ணுகிறேன்.

ஆயினும் எல்லா இடத்தும் இணைப்பைத் தேடவில்லை. 1957இல் வெளிவந்த 'மாயாபஜார்' திரைப்படத்தில் அபிமன்யு பலராமன் மகள் வத்சலையை மணக்கிறான். வியாசரிடம் வத்சலையே இல்லை. இருந்தும் மக்கள் அப்படத்தை மகிழ்ந்து ஏற்றனர். கண்ணனின் குறும்பும் கடோற்கசனின் அன்பும் அவர்கள் அறிந்தபடியே இருந்தன அல்லவா?

மேனாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. சூப்பர்மேன் 1938இல் சித்திரக்கதையாகப் பிறந்தான். அவனை வலிவிழக்கச் செய்யும் கிரிப்டோனைட் என்ற கல் 1943இல் வானொலி நாடகத்தில் முதலில் தோன்றிற்று. சித்திரக்கதை அதை 1949இல்தான் ஏற்றுக்கொண்டது. 1948ஆம் ஆண்டுத் தொடர்படத்தில் நடிகரைப் பறக்கவைக்க இயலாமல், பறக்கும் காட்சிகளைக் கார்ட்டூனாக வரைந்து சேர்த்தனர். சித்திரக்கதையில் இல்லாததை எவரும் சேர்க்கலாகாது என்று அன்று கட்டளை இருந்திருப்பின், அந்தக் கல் பிறந்திராது. 2021இல் மார்வெல் நிறுவனத்தின் 'வாட் இஃப்' கார்ட்டூன் தொடரோ, திரைப்பட நிகழ்ச்சிகள் வேறு உலகங்களில் வேறு விதமாக நடந்தன என்று காட்டியது. வில்லிபுத்தூரார் வரத்தால் செய்ததை இவர்கள் பல உலகங்களால் செய்தனர்.

ஆகவே என் கருத்து இது. இரண்டையும் ஒரே கதையாகத் தொடரும்படி நம்மை அழைப்பவர்கள், முரண்பாட்டுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். அவ்வாறு அழைக்காதவர்களுக்கு அக்கடமை இல்லை. பாத்திரத்தின் இயல்பைக் காத்தால் போதும். அரவான் எந்நாளில் மாண்டாலும், பிறர்க்காக உயிர்கொடுத்தவனாக இருத்தல் வேண்டும். அஞ்சி ஓடும் அரவானை எந்த வரமும் காப்பாற்றாது.

நண்பர்களே, அடுத்த திருவிழாவில் பகற்பொழுதில் பிரசங்கம் கேளுங்கள். இரவில் விழித்திருந்து கூத்தைக் காணுங்கள். இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிழை என்று தள்ளுமுன், அந்த மாற்றத்தை ஏன் செய்தனர் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள்.