தெர்மாமீட்டரும் கொடைக்கானலும்: ஒரு கருவியின் வரலாறு

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் தாயின் புறங்கைதான் நெற்றியைத் தொடுகிறது. அதன் பின்னரே தெர்மாமீட்டரைத் தேடுகிறோம். அச்சிறு கருவியின் வரலாற்றில் நம் திண்டுக்கல் மாவட்டத்திற்கும் துயரம் மிகுந்த ஓர் அத்தியாயம் உண்டு.

1037இல் மறைந்த மருத்துவ மேதை இப்னு சீனா, தமது 'அல்கானூன்' பெருநூலின் நான்காம் பாகத்தில் காய்ச்சல்களை வகைப்படுத்தி விரிவாக ஆராய்ந்தார். எனினும் அக்கால மருத்துவருக்குத் தம் கையும் நோயாளியின் நாடியுமே அளவுகோல்கள். 1714இல் ஃபாரன்ஹீட் பாதரச வெப்பமானியை உருவாக்கினார். அதன் பின்னும் நெடுங்காலம் மருத்துவர்கள் கையாண்ட கருவி ஓரடி நீளம் இருந்தது. அளவு காட்ட இருபது நிமிடம் பிடித்தது. 1860களில் ஆங்கில மருத்துவர் ஆல்பட் அதனை ஆறு அங்குலமாகச் சுருக்கி, ஐந்தே நிமிடத்தில் அளவு காட்டச் செய்தார். இவ்வாறே அது வீடுகளுக்குள் வந்தது.

அகரம் முதலிய ஊர்கள் அமைந்த திண்டுக்கல் சமவெளிக்கு மேற்கே பழனி மலைத்தொடர் எழுகிறது. அதன் உச்சியிலுள்ள கொடைக்கானலில், 1980களில், அமெரிக்காவிலிருந்து இடம்பெயர்ந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று இயங்கத் தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவுகள் ஊருக்குள் ஒரு பழைய பொருள் கிடங்கில் குவிந்து கிடப்பது வெளிப்பட்டது. மக்கள் போராடினர், ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவுகள் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. தொழிலாளரின் நோய்களுக்கு ஆலையே காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. ஆயினும் நெடிய வழக்கிற்குப் பின், 2016இல் 591 முன்னாள் தொழிலாளருடன் அது உடன்பாடு கண்டது. பிறர் வீட்டுக் காய்ச்சலை அளக்கக் கருவி செய்தவர்கள், தம் உடல்நலத்திற்காகப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

2013இல் உருவான மினமாட்டா உடன்படிக்கை, பாதரச வெப்பமானிகளின் உற்பத்தியைக் கைவிட வழிவகுத்தது. இந்தியா 2018இல் அதில் இணைந்தது.

இன்று வீட்டிற்கு ஏற்றது டிஜிட்டல் தெர்மாமீட்டர். மின்தடை மாற்றத்தைக் கொண்டு அது வெப்பத்தை அறிகிறது, பாதரசம் இல்லை. நெற்றிக்கு நேரே பிடிக்கும் அகச்சிவப்புக் கருவி நொடியில் அளவு காட்டும். ஆனால் வியர்வையும் வெயிலும் அதன் அளவை மாற்றிவிடும். ஐயம் எழுந்தால் டிஜிட்டல் கருவியால் மீண்டும் பார்ப்பதே நலம். சிவப்புத் திரவம் கொண்ட ஆல்கஹால் வெப்பமானி, அறையின் வெப்பத்தையும் குளிரையும் அளக்கவே உரியது.

பழைய பாதரச தெர்மாமீட்டர் வீட்டில் உடைந்தால் பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள், சன்னல்களைத் திறந்துவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பாதரசம் நுண்துளிகளாகச் சிதறிவிடும். கையுறை அணிந்து, தடித்த அட்டையால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள புட்டியில் அடைத்துவிடுங்கள். அதனைக் குப்பையிலோ சாக்கடையிலோ கொட்டலாகாது.

மண்ணும் நீரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். மலைமேல் சிந்திய பாதரசம் நமக்கு நினைவூட்டுவது அதனையே.