கடல் கடந்த முன்னோரும் குலதெய்வமும்

அமாவாசை நாளில் நீர்க்கடன் ஆற்றுவோர் தந்தை, பாட்டன், முப்பாட்டன் ஆகிய மூவர் பெயரையும் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தல் மரபு. குலதெய்வத்துக்குப் பொங்கலிடுவோர் அத்தெய்வம் உறையும் ஊரெல்லையை மிதித்தாக வேண்டும். பெயரும் ஊரும் அறிந்தார்க்கு இவை எளிய கடமைகளே. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் என வழங்கிய நாட்டில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கோ இவ்விரண்டும் மறதியில் ஆழ்ந்துவிட்டன. "ஆர்க்காட்டுப் பக்கம்" என்று பாட்டியார் சொன்ன ஒரு சொல்லே சில இல்லங்களில் எஞ்சிய செல்வம்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'டுரூரோ' என்னும் கப்பல் 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. அவர்கள் சென்னையில் கப்பலேறியவர்கள். அந்நாளில் சென்னையில் துறைமுகம் கட்டப்படவில்லை. கரையிலிருந்து மசூலாப் படகில் அலைகளைக் கடந்தே நடுக்கடலில் நின்ற கப்பலை அடைதல் வேண்டும். அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோர் 1,52,184 பேர். அவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்றவர். கரும்புத் தோட்டத்தில் முதலாண்டுக் கூலி திங்களுக்குப் பத்து ஷில்லிங். அதனுடன் அரிசியும் பருப்பும் படியாகக் கிடைத்தன.

இத்தனை பேருக்கும் ஒவ்வோர் எண் வழங்கப்பட்டது. கப்பல் பட்டியலில் அவ்வெண்ணுக்கு நேரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலூகா, கிராமம், உடலிலுள்ள அடையாளம் என வரிசையாக எழுதினர். நெற்றித் தழும்பையும் கால் மச்சத்தையும் எழுத்தர் குறித்தது அன்பினால் அன்று, ஓடிப்போனவனைப் பிடிப்பதற்கே. ஆயினும் பிடிப்பதற்காக எழுதிய அந்த வரியே இன்று கொள்ளுப்பேரனுக்கு மூதாதையின் முகத்தை ஒருவாறு காட்டுகின்றது. பெண்டிர்க்கும் தனித்தனி எண் உண்டு. நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் என்பது அக்காலத்து விதி. குடும்பக் கதைகளில் பாட்டன் பெயர் நிலைத்திருக்கப் பாட்டியின் பெயர் மறைந்து போதல் இயல்பாதலின், அவள் பெயர் எழுத்தில் நிற்கும் ஒரே இடம் பலமுறை இப்பட்டியலாகவே அமைகின்றது.

தேடுவோர்க்கு இடர்கள் பல. எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் வரைந்தார். கவுண்டர் 'கவெண்டர்' ஆயினர். முதலியார் 'மூட்லி' ஆயினர். பாட்டனுடைய சொந்தப் பெயரே பேரர்களுக்குக் குடும்பப் பெயராக நின்றுவிட்ட வீடுகளும் உண்டு. ஆகவே பெயரைப் பற்றித் தேடுவது வீண் அலைச்சல். எண்ணைப் பற்றித் தேடுவதே நேர்வழி. விடுதலைச் சீட்டு, திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு இவற்றில் அவ்வெண் காணலாம். 1895ஆம் ஆண்டுச் சட்டத்தால் விதிக்கப்பட்டு 1914இல் நீக்கப்பட்ட மூன்று பவுன் வரியின் இரசீது எந்தத் தகரப் பெட்டியிலேனும் கிடந்தால், அதுவும் ஒரு துணை.

செவிவழிச் செய்தியைச் சரித்திரத்தோடு ஒத்துப் பார்த்தலும் வேண்டும். எங்கள் முன்னோர் 1870இல் ஒப்பந்தக் கப்பலில் வந்தார் என ஒரு குடும்பம் சொல்லுமாயின் அது பொருந்தாது. 1866 முதல் 1874 வரை அக்கப்பல்கள் நின்றிருந்தன. 1877ஐ ஒட்டிய ஆண்டாயின், தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டிய காலம் அது. ஊரை விட்டது ஏன் என்று பட்டியல் சொல்லாது. ஆண்டு சிறிது சொல்லும்.

அம்மக்கள் வழிபாட்டை மறந்தாரல்லர். 1875இல் உம்பிலோ ஆற்றங்கரையில் ஆலயம் எழுப்பினர். 1905ஆம் ஆண்டு வெள்ளம் அதனை அழித்தது. வெள்ளத்திற்குத் தப்பிய மரக்கதவுகளை, கேட்டோ மேனரில் 1947இல் எழுந்த ஸ்ரீ அம்பலவாணர் ஆலயத்தில் பொருத்தினர். கப்பலேறி வந்தவர் கைகள் தள்ளித் திறந்த கதவுகள் அவை.

ஊர்ப்பெயர் கிடைத்தபின்னும் வேலை முடிவதில்லை. பட்டியலில் 'வடஆர்க்காடு' எனக் கண்ட ஊர் இன்று வேலூர், திருவண்ணாமலை, இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஒன்றில் இருக்கலாம். 1911இல் பிரிந்த சித்தூரில் ஆந்திர எல்லைக்குள்ளும் இருக்கலாம். ஒரே பெயருடைய ஊர்கள் பல. தாலூகாவைக் கொண்டே அவற்றைப் பிரித்தறிய வேண்டும். ஊர் தெரிந்த பிறகு பங்காளிகள் எவரேனும் உளரா என விசாரித்து, அவர்கள் எந்தத் தெய்வத்தின் முன் பிள்ளைகளுக்கு முடியிறக்கிக் காது குத்துகின்றனர் என்று கேட்டறிதல் வேண்டும். அத்தெய்வத்தின் சந்நிதியில்தான், எண்ணாக ஏட்டில் கிடந்தவரின் பெயரைச் சொல்லிக் குடும்பத்தார் பொங்கல் வைக்க இயலும்.