கிழக்கே சென்ற சரக்கு

பழவேற்காட்டில், மீனவர் வலை உலர்த்தும் இடத்திற்குச் சற்றுத் தொலைவில், டச்சுக்காரர் கல்லறைவாயிலில் எலும்புக்கூடுகள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைக் கண்டபோது எனக்கு அபினியே நினைவுக்கு வந்தது. 1613-இல் இங்கே கெல்திரியாக் கோட்டையை எழுப்பிய கம்பெனிதான் பின்னர் வங்காளத்து அபினியை ஜாவாவில் விற்றது. அன்று அது சட்டமறிந்த வாணிகம்; கள்ளக்கடத்தலன்று!

நம் காலத்தில் இக்கரைக்குத் தெற்கே, சென்னையிலிருந்து மற்றொரு சரக்கு கிழக்கே சென்றது. அதுவே கெட்டமைன். 1962-இல் அமெரிக்காவில் உருவான மயக்கமருந்து. இரவுக் கேளிக்கைகளில் அதனைப் பொடியாக்கி மூக்கில் உறிஞ்சலாயினர். பயணிகளின் பெட்டிகளில் ஒளிந்து அது மலேசியா, சிங்கப்பூர் சென்றது. இந்தியப் போதைப்பொருள் சட்டத்துக்குள் அது வந்தது 2011-இல்தான். அதுவரை பிடிபட்டோர்மீது சுங்கச் சட்டமே பாய்ந்தது. அதனை அடியோடு விலக்கவும் இயலாது, நேயர்களே. வசதி குன்றிய சிற்றூர் மருத்துவமனையிலும் அறுவைக்கு உதவும் மருந்தன்றோ அது!