ஆண் எத்தனை, பெண் எத்தனை

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. பேர் வேண்டாம். அங்கே கிளார்க்காக இருந்த தோழர் ஒருநாள் எனக்கொரு படிவத்தைக் காட்டினார். ஈ.ஆர்.1 என்பார்கள். 1959-இல் வந்த வேலைவாய்ப்பகச் சட்டப்படி, 25 பேரோ அதற்கு மேலோ வைத்து வேலை வாங்கும் தனியார் முதலாளி மூன்று மாதத்துக்கொரு தடவை அரசுக்கு அனுப்பவேண்டிய கணக்கு. ஆண் எத்தனை, பெண் எத்தனை, மொத்தம் எத்தனை, காலியிடம் எத்தனை.

"ஏம்பா, இதுல சாதி கேக்க மாட்டாங்களா?" என்றேன்.

"அது கவர்மென்ட்டு ஆபீசுக்குத்தான். கம்பெனிகிட்ட எதுக்குக் கேக்கப் போறான்?" என்று சிரித்தார்.

ஷிப்டு மாறுகிற நேரம். கக்கூஸ் கழுவுகிறவர்கள், குப்பை அள்ளுகிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் பின்வாசல் வழியாக வந்தார்கள். பாதிப்பேரை எனக்குத் தெரியும். எங்க காலனி, பக்கத்துக் காலனி. எந்தத் தெருவிலிருந்து ஆளெடுத்து எந்த வேலைக்கு விடணும் என்று மேஸ்திரிக்கு அத்துப்படி. படிவத்துக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

சாதிவாரியாக வேலைக் கணக்கு கேட்பது என்னமோ புதுசாக் கிளம்பின விவகாரம் மாதிரிப் பேசுகிறார்கள். சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சி 1921 செப்டம்பர் 16-இல் போட்ட முதல் வகுப்புவாரி ஆணையே கணக்குக் கேட்ட ஆணைதான். எந்த வகுப்பாருக்கு எத்தனை வேலை கொடுத்தாய் என்று ஒவ்வொரு இலாகாத் தலைவரும் ஆறு மாதத்துக்கொரு முறை எழுதி அனுப்ப வேண்டும். பிராமணர், பிராமணரல்லாத இந்துக்கள், இந்தியக் கிறித்தவர், முகமதியர், ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும், மற்றவர். கட்டங்கள் இவ்வளவுதான். பறையனும் பள்ளனும் சக்கிலியனும் எங்கே என்று தேடுங்கள். தனிக்கட்டம் கிடையாது. கணக்குக் கேட்கத் துணிந்தவர்களுக்கே நம்மைத் தனியாக எண்ணத் தோன்றவில்லை! 1927-இல் வந்த ஆணையில்தான் 12 இடத்துக்கு ஒன்று என்று நமக்கு வந்தது. பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணருக்கு 2. 1947-இல் அது 14-க்கு 2 ஆனது. கட்டத்தில் பேர் ஏறின பிறகுதான் இடமும் வந்திருக்கிறது.

அந்த ஆணை புதுச்சேரிக்குக் கிடையாது. இங்கே பிரெஞ்சுக்காரன் ஆட்சி, சமத்துவம் பேசுகிற குடியரசு. அவனும் எண்ணாமல் விடவில்லை. 1881-இல், சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம் என்று ஆணை போட்டான். நம்மவர்களும் நிறையப்பேர் குடும்பப்பேர் வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். 1884-இல் பார்த்தால் வாக்காளர் பட்டியல் மூன்றாகிவிட்டது: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். சாதியை விட்டுவிட்டு வந்தவனுக்கும் தனிப் பட்டியல்.

வெளியே பாருங்கள். அமெரிக்காவில் 1964 சிவில் உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, பெரிய முதலாளிகளிடம் கறுப்பர் எத்தனை, எந்தப் பதவியில் என்று 1966-இலேயே கேட்கத் தொடங்கினார்கள். வட அயர்லாந்தில் 1989 சட்டம், கத்தோலிக்கர் எத்தனை, புராட்டஸ்டன்ட் எத்தனை என்று வருஷாவருஷம் கேட்க வைத்தது. சொல்ல மறுக்கிற தொழிலாளி படித்த பள்ளிக்கூடத்தை வைத்துக்கூடக் கண்டுபிடித்து எழுதினார்கள். (அமெரிக்கப் படிவத்திலும் ஓட்டை உண்டு. அங்கே போன அக்கிரகாரத்துப் பிள்ளையும் சேரிப்பிள்ளையும் ஒரே 'ஆசியர்' கட்டத்தில்தான்.)

இங்கே தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற பேச்சு 2004-க்குப் பிறகு சூடானது. 2006-இல் பிரதமர் மன்மோகன் சிங் முதலாளிகள் கூட்டத்திலேயே அதைப்பற்றிப் பேசினார். முதலாளிகள் சங்கங்கள் தாமாகக் கடைப்பிடிக்கும் நடத்தை விதி என்று ஒன்றைக் கொண்டுவந்தன. இஷ்டப்பட்டால் செய்யலாம். அதே 2006 அக்டோபரில் நாகராஜ் வழக்குத் தீர்ப்பு. பதவி உயர்வில் ஒதுக்கீடு தரவேண்டுமென்றால், போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதை எண்ணிக்கையோடு அரசு காட்டவேண்டும் என்றது உச்சநீதிமன்றம். நமக்கு ஒன்று கொடுக்கணும் என்றால் கணக்கு கட்டாயம். முதலாளி சொல்லணும் என்றால் அவன் இஷ்டம்.

1959 சட்டம் 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்புக்குள் போய்விட்டது. படிவம் காட்டின தோழரும் அந்த வேலையில் இல்லை.

இப்போது நாங்களே ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். வீட்டுக்கு வீடு போய் யார், எந்தக் கம்பெனி, என்ன வேலை, நிரந்தரமா கான்ட்ராக்டா, எத்தனை வருஷம் என்று பையன்கள் எழுதுகிறார்கள். ஒரு அத்தை எல்லாத்தையும் சொல்லிவிட்டு, "கம்பெனி பேரை மட்டும் எழுதாதப்பா, நாளைக்கு உள்ள விட மாட்டான்" என்றாள். எழுதவில்லை. இரண்டு தெரு முடிந்திருக்கிறது. மீதி அடுத்த ஞாயிறு.