பொன்னை அறியும் தராசு

2015ஆம் ஆண்டு பெப்ரவரியில், மத்தியதரைக் கடலோரத்துப் பழந்துறைமுகமான கைஸரிய்யாவின் கடலடியில் சுழியோடிகள் சிலர் மஞ்சள் நிறக் காசுகள் சிலவற்றைக் கண்டனர். முதலில் அவற்றை அவர்கள் விளையாட்டுக் காசுகள் என்றே கருதினர். பின்னர் தொல்லியல் துறையினர் உலோகங்காட்டும் கருவியுடன் அவ்விடத்தை ஆராய்ந்தபோது ஏறத்தாழ 2000 பொற்காசுகள் வெளிப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை ஃபாத்திமிய ஆட்சியாளர்களான அல்-ஹாகிம் (கி.பி. 996–1021), அவருடைய மகன் அழ்-ழாஹிர் (கி.பி. 1021–1036) ஆகியோர் காலத்தவை. சில காசுகள் வளைந்திருந்தன. அவற்றில் பற்குறிகளும் காணப்பட்டன. அக்கால வணிகர் கடித்துப் பார்த்துச் சோதித்ததன் அடையாளங்கள் அவை என ஆய்வாளர் விளக்கினர்.

மண்ணிலிருந்தோ நீரிலிருந்தோ கிடைத்த பொருள் பொன்தானா என்ற வினா, ஆக, சுழியோடிகளுக்கு முன்பே அந்த வணிகருக்கும் இருந்தது. முஸ்லிம் சமூகத்தில் இவ்வினா விலையோடு மட்டும் நிற்கவில்லை. பொன்னுக்குரிய ஸகாத் 20 மிஸ்காலில், அதாவது இன்றைய கணக்கில் 85 முதல் 87 கிராம் அளவில், கடமையாகிறது. கலப்புப் பொன்னாயின், அதிலுள்ள தூய பொன் மட்டும் அவ்வளவை எட்ட வேண்டும் என்பது ஷாஃபிஈ அறிஞர் நிலைப்பாடு. கலவையில் பொன்னே மிகுந்திருந்தால் முழுவதையும் பொன்னாகவே கருதுவர் ஹனஃபி அறிஞர். எந்த வழியைப் பின்பற்றினும் கலப்பின் அளவை அறியாமல் கடமையை அறிய இயலாது.

அறியும் வழிகள் பல இருந்தன. பல்லால் கடிப்பது அவற்றுள் எளியது. ஆனால் ஈயமும் மென்மையானதே. உரைகல்லில் தேய்த்து, அக்கோட்டின் நிறத்தை மாற்று அறிந்த பொன்னின் கோட்டோடு ஒப்பிடுவது அதனினும் நுட்பமானது. எனினும் உரைகல் மேற்பரப்பை மட்டுமே அறியும். தடித்த முலாம் அதனை ஏமாற்றிவிடும். நெருப்பிலிட்டுப் புடம்போடுவது உறுதியான வழி. ஆயின் அணிகலன் உருக்குலைந்த பின்னரே அது விடை தரும்.

பொருளைச் சிதைக்காமல் அதன் உள்ளியல்பை அறிய வழியுண்டா? கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் தொடக்கிய இவ்வினாவைக் கைக்கொண்டு, அதற்குத் துல்லியமான எண்களை அளித்தவர் அல்-பீரூனி (கி.பி. 973–1048). கூம்பு வடிவக் கலம் ஒன்றின் கழுத்தில் வளைந்த குழாயைப் பொருத்தி, உலோகத்தை உள்ளே இட்டதும் வழியும் நீரை நிறுத்தறிந்தார். 100 மிஸ்கால் பொன் 5¼ மிஸ்கால் நீரை வெளியேற்றும் என்ற அளவீடு அல்-காஸினியின் நூலில் பதிவாகியுள்ளது. அதாவது, பொன் நீரினும் 19.05 மடங்கு கனமானது. இன்றைய அளவு 19.3. கையால் செய்த கலத்தைக் கொண்டு அடைந்த இந்நெருக்கம் வியப்புக்குரியது.

உமர் கய்யாமும் இந்நீர்த்தராசு பற்றி எழுதினார். அவருடைய சமகாலத்தவரான அபூ ஹாதிம் அல்-இஸ்ஃபிஸாரி, கலப்படத்தை வெளிப்படுத்தும் தராசு ஒன்றை அமைப்பதில் தம் வாழ்நாளைச் செலவிட்டார். அது ஸல்ஜூக் சுல்தான் ஸன்ஜரின் கருவூலத்தைச் சேர்ந்தது. அதன் பின் நடந்ததை வரலாற்றாசிரியர் ழஹீருத்தீன் அல்-பைஹகீ பதிவு செய்துள்ளார். தன் மோசடி வெளிப்பட்டுவிடும் என அஞ்சிய கருவூலக் காப்பாளர் அத்தராசை உடைத்தெறிந்தார். செய்தியறிந்த அல்-இஸ்ஃபிஸாரி நோயுற்று, அத்துயரிலேயே மரணித்தார்.

தராசு பொன்னை மட்டும் சோதிக்கவில்லை. அதைக் காப்பவரையும் சோதித்தது. அதனாலேயே அது உடைக்கப்பட்டது. ஆயினும் அந்த அறிவை உடைக்க இயலவில்லை. மர்வு நகரில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற அப்துர் ரஹ்மான் அல்-காஸினி அத்தராசை மேலும் செம்மைப்படுத்தினார். ஐந்து தட்டுகள் கொண்ட அதில் ஒரு தட்டு நீரில் மூழ்கியிருக்கும். அதனை விளக்கி ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121–22) அவர் எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' எனும் நூலை, அதே ஸன்ஜரின் கருவூலத்துக்கே உரித்தாக்கினார் என்பது ஈண்டு குறிப்பிடத்தக்கது.

வயலிலோ கடற்கரையிலோ மோதிரம் ஒன்றைக் கண்டெடுப்பவருக்கு அவ்வறிவு இன்றும் பயன்படுகிறது. பச்சைக் களிம்பு படிந்திருப்பின் செம்பு கலந்திருக்கிறது என ஐயுறலாம். தூய பொன்னில் களிம்பு ஏறாது. 10 கிராம் மோதிரத்தை மெல்லிய நூலில் தொங்கவிட்டு நீரில் முழுதும் அமிழ்த்தி நிறுத்தால், தூய பொன்னாயின் எடை ஏறத்தாழ 0.52 கிராம் குறையும். 22 காரட் எனில் 0.56 கிராம் அளவும், பித்தளை எனில் ஏறத்தாழ 1.2 கிராமும் குறையும். கல் பதித்தவற்றுக்கும் உள்ளே காற்று அடைபட்ட அணிகளுக்கும் இக்கணக்கு பொருந்தாது. பொன்னுக்கு நிகரான அடர்த்தியுடைய டங்ஸ்டனும் இதனை ஏமாற்றும். எனவேதான் நகை மதிப்பீட்டாளர் இன்று எக்ஸ் கதிர்க் கருவியையும் துணைக்கொள்கின்றனர். அக்கதிரும் உரைகல்லைப் போல மேற்பரப்பையே பெரிதும் அறியும் என்பதால், ஒரு சோதனை மற்றொன்றால் சரிபார்க்கப்பட வேண்டியதாகிறது.

ஆயிரம் ஆண்டுகளில் கருவிகள் பெரிதும் மாறிவிட்டன. நாம் கற்க வேண்டிய பாடமோ மாறவில்லை. தன் பொருளின் தூய்மையை நம்புகிறவர் தராசை வரவேற்பார். நம்பாதவர் அதன்மீது கை வைப்பார். ஒரு சமூகத்தின் கருவூலம் எத்தகையோர் கையில் உள்ளது என்பதை அறிய, அங்கே தராசு எவ்வாறு நடத்தப்படுகிறது என்று பார்த்தாலே போதும்.