கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்: ஜப்பான், மாஸ்கோ, ஒரு வான்கோழி

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றப்போ என் மேசையில ஒரு படிவம் இருக்கு. லேசிக் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவம். ஒன்பதாவது படிக்கும்போது போட்ட கண்ணாடி, இப்போ ரெண்டு கண்ணுலயும் மைனஸ் 5.5. "நல்லா இருக்கிற கண்ணுல எதுக்குடா கத்தி?"ங்கறாங்க அம்மா. "பதினைஞ்சு நிமிஷ வேலை சார்"ங்கறாங்க கிளினிக்ல. ரெண்டு பேருக்கும் பதில் சொல்லத் தெரியாம, வழக்கம்போல வரலாற்றுப் பக்கம் போனேன்.

முதல்ல ஜப்பான். 1930களிலும் 40களிலும் ட்சுடோமு சாட்டோ என்ற கண் மருத்துவர், கார்னியாவில் கீறல் போட்டால் கிட்டப்பார்வை குறைவதைக் கண்டுபிடித்தார். கார்னியான்னா கண்ணுக்கு முன்னாடி வாட்ச் கண்ணாடி மாதிரி வளைஞ்சிருக்கிற தெளிவான படலம். கீறினால் அது தளர்ந்து கொஞ்சம் தட்டையாகும். சாட்டோ அதன் வெளிப்பக்கம் மட்டுமல்ல, உள்பக்கமும் கீறினார். நோயாளிகளுக்குப் பார்வை தெளிந்தது.

ஆனால் அந்த உள்பக்கத்தில் ஒரே ஒரு வரிசை செல்கள் இருக்கின்றன. கார்னியாவில் நீர் தேங்காமல் வெளியேற்றுவது அவைதான். மனிதர்களுக்கு ஒருமுறை போனால் திரும்ப வளராது. அதன் அருமை அன்றைக்கு யாருக்கும் தெரியாது. பத்து, இருபது வருஷம் கழித்துப் பலருடைய கார்னியா வீங்கி, புகை படிந்த மாதிரி மங்கிப்போனது. சாட்டோவை ஏமாத்துக்காரர்னு சொல்ல எனக்கு மனசு வரல. அவர் பார்த்த வரைக்கும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. பார்த்த காலம்தான் பத்தல.

அடுத்து 1970களின் மாஸ்கோ. ஸ்வியாதஸ்லாவ் ஃபியோதரோவ் உள்பக்கத்தைத் தொடாமல், வெளியிலிருந்து மட்டும் சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி கீறினார். பின்னாளில் இவர் மருத்துவமனையில் கட்டில்கள் நகர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு மருத்துவரும் ஒரு வேலையை மட்டும் செய்வார். கார் ஃபேக்டரியேதான்! அமெரிக்காவுக்கும் இந்த முறை பரவியது. நல்லவேளை, அங்கே ஒரு குழு நோயாளிகளை 10 வருஷம் விடாமல் பின்தொடர்ந்தது. 1994-இல் முடிவு வந்தது: 43% கண்களில் பார்வை ஒரு பவரோ அதற்கு மேலோ தூரப்பார்வைப் பக்கம் நகர்ந்திருந்தது. கீறல் ஆறின பிறகும் கார்னியா தட்டையாகிக்கொண்டே இருந்திருக்கிறது.

1996-இல் எவரெஸ்ட் ஏறிய பெக் வெதர்ஸ் இதே அறுவை செய்துகொண்டவர். உயரத்தில் அவருடைய கார்னியா உருமாறி, பார்வை மங்கி, உச்சிக்குக் கீழேயே நின்றுவிட்டார். பிறகு புயலில் சிக்கி உயிர் தப்பினார். உறைபனி வலது கையைக் கொண்டுபோய்விட்டது.

இப்போ நம்ம ஊர்க்காரர் வர்றார். 1929-இல் மெட்ராசில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். 1981 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மறுநாள், மிஞ்சின வான்கோழியை ஐபிஎம் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார். எக்ஸைமர் லேசரின் புற ஊதா ஒளியை அதன்மேல் பாய்ச்சினார். பக்கத்துத் திசு கருகவே இல்லை. வெட்டு அவ்வளவு சுத்தம். ஜேம்ஸ் வைன், சாமுவேல் ப்ளம் இருவரும் அவருடைய கூட்டாளிகள். 1983-இல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோகெலோடு சேர்ந்து இதைக் கார்னியாவுக்குக் கொண்டுபோனார். 1995-இல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. கார்னியாவில் மெல்லிய மூடி திறந்து, அடியில் லேசர் செதுக்கி, மூடியைத் திரும்ப வைக்கும் லேசிக் அதையொட்டி வந்ததுதான்.

அப்போ லேசிக்கைப் பல வருஷம் பார்த்தாச்சு, கவலை இல்லைதானே? பெரும்பாலும் ஆமாம். எஃப்.டி.ஏ. பங்கேற்ற ஆய்வு 2017-இல் வெளியானது. 95%க்கும் மேல் பார்வை திருப்தி என்றார்கள். அதே ஆய்வில், முன்பு தொந்தரவே இல்லாதவர்களில் 40%க்கும் மேற்பட்டோருக்கு மூன்று மாதத்தில் புதிதாக ஏதோ ஒன்று வந்திருந்தது: விளக்கைச் சுற்றி வளையம், வெளிச்சச் சிதறல், அந்த மாதிரி. மிகச் சிலருக்குத்தான் அது அன்றாட வேலையையே கெடுத்தது. மூடி வெட்டும்போது கார்னியாவின் நரம்புகளும் அறுபடுவதால் கண் உலர்வதும் உண்டு.

இதைப் படிச்சதும் நிமிர்ந்து உக்காந்துட்டேன். நான் ஏசி ரூம்ல ஒன்பது மணி நேரம் எடிட் பண்றவன். சொட்டு மருந்து இல்லாம சாயந்திரம் கண்ணைத் திறக்க முடியாது. ராத்திரி ஓஎம்ஆர்ல பைக்ல போறவன். கிளினிக்ல ரெண்டு தடவை போயும் கண்ணீர் அளவை யாரும் சோதிக்கல. நானும் சொல்லல.

போன வாரம் வேற ஒரு டாக்டர்கிட்ட போனேன். கீழ் இமையில ஒரு காகிதத் துண்டைச் செருகி அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சாங்க. 10 மில்லிமீட்டருக்கு மேல நனையணுமாம். எனக்கு 6. "முதல்ல இதைச் சரி பண்ணலாம். மூணு மாசம் கழிச்சு வாங்க, அப்புறம் லேசரைப் பேசலாம்"னாங்க.

படிவம் டிராயருக்குள்ள போகுது. அம்மாகிட்ட இன்னும் சொல்லல. "நான் அப்பவே சொன்னேன்"னு ஆரம்பிச்சிடுவாங்க.